எல்.கே.ஜி. டைரியில் ஒரு வரி: மழலையர் பள்ளித் தாளாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய தாளாளர்களுக்கும் முதல்வர்களுக்கும் வணக்கம்.

திண்டுக்கல் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் 33 ஆண்டுகள் அங்கன்வாடிப் பணியாளராக இருந்து, 2019ஆம் ஆண்டு ஓய்வு பெற்றவள் நான். ஊரில் இன்றும் என்னைப் ‘பால்வாடி டீச்சர்’ என்றுதான் அழைக்கிறார்கள். இப்போது மகள் வீட்டோடு நகரத்தில் இருக்கிறேன். பேரனுக்கு நான்கு வயது, எல்.கே.ஜி. படிக்கிறான். அவன் படிக்கும் பள்ளியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எங்கள் தெருவில் நான்கு வீட்டுக் குழந்தைகள் நான்கு வெவ்வேறு பள்ளிகளின் வேன்களில் ஏறிப் போகிறார்கள், ஆனால் மாலையில் நான்கு டைரிகளையும் திறந்து பார்த்தால் ஒரே கை எழுதியதுபோல ஒரே வீட்டுப்பாடம் இருக்கிறது என்பதால், இதை ஒரு பள்ளிமேல் சொல்லும் புகாராக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பேரனின் டைரியில் 4 என்ற எண்ணை ஐந்து வரிசை எழுதிவரச் சொல்லியிருந்தார்கள். இரவு எட்டரை மணிக்குப் பாதித் தூக்கத்தில், பென்சிலை உள்ளங்கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி அவன் எழுதினான். முதல் வரிசை நேராக இருந்தது. மூன்றாவது வரிசைக்கு வந்தபோது எண்கள் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திரும்பிக்கொண்டன. மகள் அழிரப்பரால் அழித்தாள், தாள் கிழிந்தது, அவன் அழுதான், இவள் அவன் கையைப் பிடித்து மீதியை எழுதி முடித்தாள். மறுநாள் அந்தப் பக்கத்தில் சிவப்பு மையில் ‘குட்’ என்று இருந்தது. அந்தக் ‘குட்’ யாருக்கு என்று நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அன்றிரவே நடந்த இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எழுதி முடித்ததும் சாப்பிட உட்காருமுன், “நாலு ஸ்பூன் எடுத்துட்டு வாடா கண்ணு” என்றேன். ஸ்டாண்டில் இருந்த ஸ்பூன்களை எல்லாம் அள்ளிக்கொண்டு வந்து என் மடியில் கொட்டினான். நான்கு என்ற உருவத்தை நாற்பது முறைக்குமேல் எழுதிய பிள்ளைக்கு நான்கு என்றால் எத்தனை என்று தெரிந்திருக்கவில்லை. மறுநாளிலிருந்து இரவுச் சாப்பாட்டுக்குத் தட்டு வைக்கும் வேலையை அவனிடம் ஒப்படைத்தேன். ஆளுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஒரு டம்ளர். இரண்டு மூன்று நாள் தடுமாறினான். நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ மாமா வந்திருந்தார். ஐந்து தட்டு போட்டுவிட்டு டம்ளரை ஒவ்வொன்றாக வைத்துக்கொண்டே வந்தவன் கடைசித் தட்டின் முன் நின்று, “பாட்டி, ஒரு டம்ளர் பத்தல” என்றான். ஐந்திலிருந்து நான்கைக் கழித்தால் ஒன்று என்பதைத்தான் அந்தப் பிள்ளை சொன்னான், எழுதிக்காட்டச் சொன்னால் அவனுக்குத் தெரியாது என்பதைத் தவிர.

உங்களிடம் நான் வைக்கும் வேண்டுகோள் சிறியது. எல்.கே.ஜி., யு.கே.ஜி. குழந்தைகளுக்கு எழுத்து வேலையை வீட்டுக்குக் கொடுத்தனுப்புவதை நிறுத்திவிட்டு, அதே டைரியின் அதே இடத்தில், வீட்டில் இருக்கும் பொருளைக்கொண்டு பத்து நிமிடம் விளையாடக்கூடிய ஒரு விளையாட்டை ஒரே ஒரு வரியில் எழுதி அனுப்புங்கள். டைரி அப்படியே இருக்கட்டும். பெற்றோர் கையெழுத்தும் இருக்கட்டும். மாற வேண்டியது அந்த ஒரு வரிதான்.

முதலில் கையைப் பற்றிச் சொல்கிறேன், ஏனென்றால் எழுதவைப்பதற்கு நீங்கள் சொல்லும் முதல் காரணமே ‘கை பழக வேண்டும்’ என்பதுதான். நம் மணிக்கட்டுக்குள் சிறிய எலும்புகள் எட்டு இருக்கின்றன. பிறக்கும்போது அவை வெறும் குருத்தெலும்புதான். ஒவ்வொன்றாக எலும்பாகி எட்டும் உருப்பெறப் பத்துப் பன்னிரண்டு வயதாகிவிடும். நான்கு வயதுக் குழந்தையின் கை பாதி கட்டிய வீடு. அந்தக் கைக்குப் பலமும் வளைவும் வருவது மாவிலும் மண்ணிலும் நூலிலும்தான் என்பதை முப்பது வருடம் கண்ணால் பார்த்திருக்கிறேன். சப்பாத்திக்குப் பிசையும்போது எலுமிச்சம்பழ அளவு மாவை எடுத்துக் கொடுத்தால் அதை உருட்டும், பாம்பாக நீட்டும், கிள்ளிக் கிள்ளி இட்லியென்று அடுக்கும். பூண்டு உரிப்பது, பட்டாணி உரிப்பது, வேர்க்கடலைத் தோல் உடைப்பது, துணிக் கிளிப்பைக் கொடிக்கயிற்றில் மாட்டுவது, பழைய பட்டன்களை ஷூ லேஸில் கோப்பது எல்லாமே கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலைகள். பென்சிலைப் பிடிக்க வேண்டியதும் அந்த மூன்று விரல்கள்தாமே? என் மையத்தில் இரண்டு வருடம் கீரை ஆய்ந்த பிள்ளைகள் ஒன்றாம் வகுப்பில் பென்சிலைப் பிடித்த அழகைத் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை ஒருவர் என்னிடமே வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறார். (மதியச் சாப்பாட்டுக்கு ஆய வேண்டிய கீரைதான் அது, ஆயாவுக்கும் வேலை குறைந்தது என்பதை மறைக்கவில்லை.)

எழுத்தைத் தொடங்குவதற்கும் நோட்டைவிட நல்ல இடம் நம்மிடம் முன்பே இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மணலைப் பரப்பி விரலால் எழுதித்தான் பழகினார்கள். 1789இல் சென்னை எழும்பூரில் படைவீரர்களின் ஆதரவற்ற சிறுவர்களுக்கான இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், உள்ளூர்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைப் பார்த்து வியந்து, அதைத் தம் இல்லத்தில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார். பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்கும் வழக்கத்தையும் சேர்த்து இங்கிலாந்துக்கு எடுத்துப்போய் 1797இல் எழுதியும் வெளியிட்டார். அங்கே அதற்குப் பெயரே ‘மதராஸ் முறை’ என்றாயிற்று. நாம் கப்பலில் ஏற்றி அனுப்பியதைத் தொலைத்துவிட்டு நான்கு கோட்டு நோட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

உங்களில் பலருடைய பெயர்ப்பலகையில் ‘மாண்டிசோரி’ என்ற சொல் இருக்கிறது. அந்தப் பெயருக்குரிய இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் அடையாறு பிரம்ம ஞான சபையின் அழைப்பில் சென்னைக்கு வந்து, உலகப் போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே தங்கி ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அவர் 1907இல் ரோம் நகரத்து ஏழைக் குடியிருப்பு ஒன்றில் தொடங்கிய இல்லத்தில் குழந்தைகள் எழுத்தைச் சந்தித்தது உப்புத்தாளில் வெட்டி ஒட்டிய உருவங்களின் வழியாகத்தான். கண் பார்க்க, விரல் தடவ, வாய் ஒலியைச் சொல்ல வேண்டும். இதை வீட்டில் செய்ய எந்தச் சாமானும் வாங்க வேண்டியதில்லை. பழைய அட்டைப்பெட்டியை வெட்டி, பசையால் ‘ட’ என்று எழுதி, அதன்மேல் சலித்த மணலையோ ரவையையோ தூவிக் காயவைத்தால் போதும். இன்னும் எளிது, தாம்பாளத்தில் அரிசிமாவைப் பரப்பி விரலால் எழுதவிடுவது. தப்பாகிவிட்டால் தட்டை ஒரு குலுக்குக் குலுக்கினால் தப்பு போயே போய்விடும். ரப்பரும் வேண்டாம், கிழிந்த தாளும் இல்லை. கோலமாவில் மூன்றுக்கு மூன்று புள்ளி வைத்துக் கொடுத்து வளைத்து இணைக்கச் சொல்லிப் பாருங்கள். தமிழ் எழுத்தில் இருக்கும் சுழியும் வளைவும் எல்லாம் அந்த ஒன்பது புள்ளிக்குள் வந்துபோகும். ‘ட’, ‘ப’, ‘ம’ என்று நேர்கோட்டு எழுத்துகள் முதலில், ‘அ’, ‘ஐ’, ‘ஞ’ போன்றவை பொறுத்து வந்தால் போதும். அகரவரிசையில்தான் தொடங்க வேண்டும் என்று நான்கு வயதுக் கையை வதைப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

கணக்குக்கு வருகிறேன்; இதில்தான் எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் இருக்கும். மாசி, பங்குனி மாதம் வந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வீடு புளி தட்டுவார்கள். ஒரு சிறுமி தன் பாவாடை மடிப்பில் புளியங்கொட்டையைக் கட்டிக்கொண்டு மையத்துக்கு வந்து கொட்டினாள். கூட்டிப் பெருக்க ஆயா விளக்குமாற்றை எடுத்தார், நான் தடுத்தேன். அன்று காலை முழுவதும் பிள்ளைகள் அதை வைத்தே இருந்தார்கள். வரிசையாக அடுக்கினார்கள், வட்டம் போட்டார்கள், பெரிசு சிறிசு என்று பிரித்தார்கள், ஓட்டைக் கொட்டையைத் தனியே எடுத்து ‘இது சொத்தை’ என்று ஒதுக்கினார்கள். அரசாங்கம் கொடுத்த விளையாட்டுப் பெட்டி ஒன்று பீரோவுக்குள் பத்திரமாகப் பூட்டியிருந்தது. உடைந்தால் கணக்குக் காட்ட வேண்டுமே என்று நானே பூட்டிவைத்தது அது.

பிறகு அந்தக் கொட்டையை நாங்கள் விடவில்லை. புளியங்கொட்டையை சிமெண்டுத் தரையில் ஒரு பக்கம் மட்டும் உரசினால் பழுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். தாயம் ஆடும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி இது. அப்படி ஆறு கொட்டையை உரசி, குழந்தையின் உள்ளங்கையில் கொடுத்து உருட்டச் சொல்லுங்கள். இரண்டு வெள்ளை விழுந்தால் நான்கு கறுப்பு. ஒரு வெள்ளை விழுந்தால் ஐந்து கறுப்பு. ஆறும் வெள்ளையானால் ஒரே கூச்சல். முதல் வாரத்தில் பிள்ளை ஒவ்வொன்றாகத் தொட்டுத் தொட்டுத்தான் எண்ணும். சில வாரத்தில் இரண்டையும் மூன்றையும் எண்ணாமல் பார்த்தவுடன் சொல்லும். பின்னும் சில வாரம் போனால், வெள்ளையை மட்டும் காட்டி மீதியை நீங்கள் கையால் மூடிக்கொண்டால், உள்ளே எத்தனை கறுப்பு என்று சொல்லிவிடும். ஆறு என்பது நான்கும் இரண்டும், மூன்றும் மூன்றும், ஐந்தும் ஒன்றும் என்று அதன் விரலுக்குத் தெரிந்துபோனபின், பின்னாளில் கூட்டல் கணக்கைக் கரும்பலகையில் பார்க்கும்போது அது பயப்பட என்ன இருக்கிறது? அதே கொட்டைகளை நெருக்கி ஒரு வரிசை, இடைவெளி விட்டு ஒரு வரிசை என்று ஆறாறு அடுக்கி எது அதிகம் என்று கேளுங்கள். நான்கு வயதுப் பிள்ளை நீளமான வரிசையைக் காட்டும். திருத்தாதீர்கள். சிரிக்கவும் வேண்டாம். எதிரெதிரே ஜோடி சேர்த்துப் பார்க்கவிட்டால் ஒருநாள் தானே “ரெண்டும் ஒண்ணுதான்” என்று சொல்லும், அதைச் சொல்லும் முகத்தைப் பார்ப்பதற்காகவே நான் 33 வருடம் இந்த வேலையில் இருந்தேன் என்று நினைக்கிறேன்.

பல்லாங்குழியும் இதே தான். பக்கத்துக்கு ஏழாக 14 குழி, குழிக்கு ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போக வேண்டும், குழியில் நான்கு சேர்ந்தால் ‘பசு’ என்று எடுத்துக்கொள்ள வேண்டும். முழு ஆட்டம் சின்னப் பிள்ளைக்கு எட்டாது. எங்கள் மையத்தில் பல்லாங்குழிப் பலகையும் கிடையாது. முட்டை வந்த அட்டைதான் இருந்தது. முப்பது முட்டை அட்டையில் ஆறு ஆறாக ஐந்து வரிசை. அதை வெட்டி இரண்டு வரிசையை எடுத்துக்கொண்டால் 12 குழி. குழிக்கு ஒன்று போடுவதும், ஒன்றில்கூட இரண்டு விழாமல் பார்த்துக்கொள்வதும், கையில் இருந்தது தீர்ந்தால் எந்தக் குழியோடு தீர்ந்தது என்று பார்ப்பதும் மூன்றரை வயதுக்குப் போதுமான ஆட்டம். எண்களை வாயால் ஒப்பிப்பதற்கும் பொருளை எண்ணுவதற்கும் நடுவே இருக்கும் பள்ளத்தைத் தாண்டவைப்பது இந்த ‘குழிக்கு ஒன்று’தான். உங்கள் ஆசிரியைகளிடம் கேட்டுப் பாருங்கள். நூறுவரை கடகடவென்று ஒப்பிக்கும் பிள்ளைகளில் எத்தனை பேர் பன்னிரண்டு பட்டனைத் தப்பில்லாமல் எண்ணுகிறார்கள் என்று.

அளவையைப் பற்றி நீட்டப்போவதில்லை. குளிக்கும் நேரத்தில் ஒரு செம்பும் இரண்டு டம்ளரும் கொடுத்து ஊற்றி விளையாடவிட்டால் கொள்ளளவு என்றால் என்னவென்று தெரிந்துவிடும். வீட்டில் பழைய ஆழாக்கும் படியும் மிச்சமிருந்தால் அரிசியை அளக்கச் சொல்லலாம். எட்டு ஆழாக்கு ஒரு படி.

மொழிக்கு ஒரு பொருளும் வேண்டாம், ஆள்தான் வேண்டும். நம் பிள்ளைத்தமிழ் நூல்களில் குழந்தை கைகொட்டி விளையாடுவதற்குச் ‘சப்பாணி’ என்று ஒரு பருவம், நிலவை விளையாட வாவென்று அழைப்பதற்கு ‘அம்புலி’ என்று ஒரு பருவம், மணல்வீடு கட்டிச் சிதைப்பதற்குச் ‘சிற்றில்’ என்று ஒரு பருவம் வைத்திருக்கிறார்கள். பத்துப் பருவத்தில் ஒன்றிலாவது குழந்தை எழுதிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, விரலுக்கு ஒருவராகச் சோறு பங்கிட்டு, நண்டு ஊருது நரி ஊருது என்று கக்கம்வரை விரலை ஓட்டும் விளையாட்டில் ஐந்து விரலும் எண்ணப்படுகிறது, அடுத்து என்ன வரும் என்று காத்திருக்கும் கவனமும் வருகிறது. மூன்று வயதுக்கு அது போதும். நான்கு வயதுக்கு ‘என்ன ஒலியில் தொடங்குகிறது’ என்று விளையாடலாம்: சமையலறையில் ‘க’வில் தொடங்குவது எதெது? கரண்டி, கத்தி, கடுகு. ஐந்து வயதில் சொல்லின் கடைசி எழுத்தைப் பிடித்து அடுத்த சொல்: மரம் என்றால் ‘ம’, மணி என்றால் ‘ணி’, அதற்குச் சொல் கிடைக்காது, அப்போது ‘நி’ ஆக்கிக்கொள்ளலாமா என்று பிள்ளைகளே பஞ்சாயத்துப் பேசுவார்கள். பாட்டன்மார் அந்தாதி பாடியதும் இந்தச் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான். வாழைப்பழத்தில் ‘ழ’ வராத பிள்ளையை எழுதவைத்தால் வராது; வாழை, கிழவி, மழை என்று கதைக்குள் நூறு முறை கேட்டால் வரும். ஆங்கிலத்துக்கும் நான் எதிரி இல்லை. ஆனால் வீட்டில் பேசும் மொழியில் ஒலியைப் பிரித்துக் கேட்கத் தெரிந்த காது, இரண்டாவது மொழியையும் பிடித்துக்கொள்ளும்.

இந்த இடத்தில் உங்களில் சிலர், “நாங்களும்தான் ஆக்டிவிட்டி கொடுத்தனுப்புகிறோமே” என்பீர்கள். கொடுக்கிறீர்கள். அந்த ஆக்டிவிட்டியை யார் செய்கிறார்கள் என்று தெரியுமா? ‘போக்குவரத்து வாகனங்கள்’ என்று ஒரு தலைப்பு வந்தது. முந்தின நாள் மாலை வாட்ஸ்அப்பில் தகவல் வந்து, இரவு ஒன்பது மணிக்கு மருமகன் ஃபேன்சி ஸ்டோருக்கு ஓடி, தெர்மாகோலும் கிளிட்டர் பேனாவும் வாங்கிவந்து, மகள் பதினொன்றரை மணிவரை வெட்டி ஒட்டி ஒரு ரயிலைச் செய்தாள். பேரன் எட்டரைக்கே தூங்கிவிட்டான். காலையில் அந்த ரயிலைத் தொடப்போனவனை “உடைச்சிடாதே” என்று தள்ளி நிறுத்தினார்கள். அது பள்ளியின் கண்காட்சி மேசைமேல் ஒரு வாரம் இருந்தது. அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் பழைய தீப்பெட்டி ஐந்தை நூலில் கோத்துக் கொடுத்தேன். பெட்டிக்கு ஒரு கொண்டைக்கடலையைப் பயணியாக ஏற்றி, கட்டிலடியில் ஸ்டேஷன் வைத்து, மத்தியானம்வரை இழுத்துக்கொண்டிருந்தான். இடையில் ஒரு பயணியைச் சாப்பிட்டும்விட்டான். குழந்தையின் கையில் இருந்து அழுக்காகி, மாலையில் குப்பைக்குப் போவதைத்தான் நான் விளையாட்டுச் சாமான் என்பேன். கண்காட்சிக்கு வைக்கத் தகுந்தது பெரியவர்களின் கைவேலை.

நீங்கள் சொல்லும் பெரிய காரணம் பெற்றோர்தான் என்பதும் எனக்குத் தெரியும். நோட்டில் எழுத்து இல்லையென்றால், “என்ன சொல்லிக்கொடுக்கிறீர்கள், இவ்வளவு ஃபீஸ் எதற்கு?” என்று கேட்பார்கள், பக்கத்துப் பள்ளிக்கு மாற்றிவிடுவார்கள். இதை நான் மறுக்கப்போவதில்லை, ஏனெனில் நானே பட்டிருக்கிறேன். ‘பால்வாடியில் சும்மா விளையாடத்தான் விடுறாங்க’ என்று சொல்லி ஆண்டுக்கு நான்கைந்து பிள்ளைகளை என் மையத்திலிருந்து அழைத்துப்போய் உங்களைப் போன்றோர் பள்ளியில் சேர்த்தார்கள். பயந்துபோய் நானும் ஒரு காரியம் செய்தேன். ஒரு வருடம் முழுக்கப் பிள்ளைகளுக்குச் சிலேட்டைக் கொடுத்து அ, ஆ என்று மேலே மேலே எழுதவைத்தேன், மேற்பார்வையாளர் வரும் நாளில் ஒப்பிக்கவைத்தேன். பெற்றோர் மகிழ்ந்தார்கள். அந்த வருடத்துப் பிள்ளைகள்தான் காலையில் வாசலிலேயே நின்று உள்ளே வர அழுத பிள்ளைகள். தமிழ்நாட்டு அங்கன்வாடிகளின் முன்பருவக் கல்விக் கலைத்திட்டத்துக்கு ‘ஆடிப்பாடி விளையாடு பாப்பா’ என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயரை வைத்துக்கொண்டு ஆட்டத்தை விட்டவள் நான். பெற்றோரின் ஆசை எவ்வளவு வலியது என்பதற்கு 2019 ஜனவரியில் அரசே நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருந்த 2,381 அங்கன்வாடி மையங்களில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. தொடங்கியது சாட்சி. அதனால் பெற்றோரோடு சண்டை போடச் சொல்லவில்லை. அவர்கள் கேட்பது ‘என் பிள்ளை ஏதாவது கற்றதா’ என்பதற்கு ஓர் அத்தாட்சி. தன் வீட்டுச் சாப்பாட்டு நேரத்தில் தன் பிள்ளை “ஒரு டம்ளர் பத்தல” என்று சொல்வதைக் காதால் கேட்ட தாய், அதற்கப்புறம் நோட்டைக் கேட்பது குறையும்.

சட்டத்தையும் ஒரு வரி நினைவூட்டிவிடுகிறேன். 2018 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் ஒன்றாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பரில் மத்திய அரசும் மாநிலங்களுக்கு அதையே எழுதி, அந்த வகுப்புகளின் புத்தகப்பை ஒன்றரைக் கிலோவைத் தாண்டக் கூடாது என்றது. 2020ஆம் ஆண்டின் புத்தகப்பைக் கொள்கையோ மழலையர் வகுப்புக்குப் பையே வேண்டாம் என்கிறது. ஏழு வயதுப் பிள்ளைக்கே கூடாது என்று விலக்கியதை நான்கு வயதுப் பிள்ளைக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் ஒன்றாம் வகுப்புக்கு முந்தியவை என்பதால் உத்தரவில் பெயர் வரவில்லை என்று யாராவது வாதாடினால், அந்த வாதத்தை அந்தப் பிள்ளைகளின் முன்னால் நின்று சொல்லிப் பார்க்கட்டும்.

என் வேண்டுகோளைப் படித்துவிட்டு, ‘வீட்டு விளையாட்டுப் பெட்டி’ என்று ஒன்றை அச்சடித்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஃபீஸோடு சேர்த்துவிடாதீர்கள் என்றும் கேட்டுக்கொள்கிறேன். அரிசியும் செம்பும் எல்லா வீட்டிலும் இருக்கின்றன.

எச்சரிக்கை ஒன்று, இதில் விட்டுக்கொடுக்க முடியாது. மூன்று வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையிடம் கொட்டை, பட்டன், கடலை, பட்டாணி எதையும் கொடுக்கக் கூடாது. மூக்கில் ஏற்றிக்கொள்ளும், மூச்சுக்குழாயில் சிக்கினால் உயிருக்கே ஆபத்து. மூன்றைத் தாண்டிய பிள்ளைக்கும் பெரியவர் ஒருவர் எதிரே உட்கார்ந்திருந்தால்தான் கொடுக்க வேண்டும், எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்க வேண்டும். எண்ணி வாங்குவதும் கணக்குதான். வீட்டில் இன்னும் சிறிய பிள்ளை தவழ்ந்துகொண்டிருந்தால் கொட்டைக்குப் பதில் ஸ்பூன், டம்ளர், எலுமிச்சம்பழம் போதும். பல்லாங்குழிக்கு மஞ்சாடியை எடுக்கலாம். குன்றிமணியை எடுக்கவே கூடாது. சிவப்பில் கறுப்புக் கண் வைத்து அழகாக இருக்கும், ஆனால் அதன் தோல் உடைந்து உள்ளே இருப்பது வயிற்றுக்குள் போனால் கொடிய நஞ்சு. பழைய பொம்மையில், ரிமோட்டில் இருக்கும் பட்டன் பேட்டரியையும் பட்டன் என்று நினைத்துக் கோத்துவிடப்போகிறார்கள். டைரியில் இந்த வரிகளையும் ஒருநாள் எழுதி அனுப்புங்கள்.

வேலைக்குப் போகும் அம்மா அப்பாவுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது என்பதும் நியாயமான கேள்விதான். அதனால்தான் செய்கிற வேலையோடு ஒட்டிய விளையாட்டாகச் சொல்கிறேன். துவைத்த துணியை மடிக்கும்போது சாக்ஸ்களை ஜோடி சேர்ப்பது, மாடிப்படி ஏறும்போது படியை எண்ணுவது, சந்தையிலிருந்து வந்த பையைக் கொட்டிக் கத்தரிக்காயை ஒரு கூடையிலும் தக்காளியை ஒரு கூடையிலும் போடுவது. வேலை கொஞ்சம் மெதுவாக நடக்கும், கொஞ்சம் சிந்தும். அழுதுகொண்டே ஐந்து வரிசை 4 எழுதவைக்கும் முக்கால் மணி நேரத்தைவிட இது குறைவாகத்தான் எடுக்கும் என்பதை என் மகள் வீட்டுக் கடிகாரத்தைப் பார்த்தே சொல்கிறேன்.

டைரியில் எழுத வேண்டிய வரி எப்படி இருக்கும் என்று கேட்பீர்கள். ‘இன்றிரவு உங்கள் குழந்தை எல்லோருக்கும் தட்டும் டம்ளரும் வைக்கட்டும், குறைந்தால் எத்தனை குறைகிறது என்று கேளுங்கள்.’ திங்கட்கிழமைக்கு அது போதும். ‘ஒரு கைப்பிடி கொண்டைக்கடலையும் ஒரு கைப்பிடி பச்சைப்பயறும் கலந்து கொடுத்துப் பிரிக்கச் சொல்லுங்கள், கூடவே உட்காருங்கள்’ என்று இன்னொரு நாள். மறுநாள் காலை ஆசிரியை, “நேற்று எத்தனை டம்ளர் குறைந்தது?” என்று முப்பது பிள்ளைகளிடம் கேட்டால் முப்பது பதில் வரும், அதில் ஒரு பிள்ளை “எங்க வீட்ல டம்ளரே குறையல, சித்தி ஊருக்குப் போயிட்டாங்க” என்று சொல்லும்.

ஆசிரியைகளுக்கு இதைச் செய்துகாட்ட வேண்டுமென்றால் நான் வருகிறேன். பெற்றோர் கூட்டம் நடக்கும் சனிக்கிழமைகளில் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். போக்குவரத்துச் செலவோ பொன்னாடையோ வேண்டாம். புளியங்கொட்டையும் முட்டை அட்டையும் நானே கொண்டுவருவேன். தரையில் விரிக்க ஒரு ஜமுக்காளமும், மூட்டுவலி என்பதால் எனக்கு மட்டும் ஒரு நாற்காலியும் போட்டுவையுங்கள். பெற்றோரைத் தரையில்தான் உட்காரவைக்க வேண்டும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.